பத்துப் பேருக்குத்தான் பரிசு

ஒரு இடத்தைப் பார்த்த மாத்திரத்தில் அதைச் சுத்தம் செய்ய எத்தனை ஆள் வேண்டும் என்று கைசர் ஜஹான் சொல்லிவிடுவார். மீட்டிங் அறைக்கு ஒருவர் போதும். பெண்கள் கழிவறைக்குக் காலையில் இருவர், மதியத்துக்கு மேல் ஒருவர். இரண்டாம் மாடிக்கு மூன்று பேர், மழை நாளென்றால் நான்கு. பதினோரு வருடத்தில் அவர் சொன்ன எண் ஒருமுறைகூடப் பிசகியதில்லை. பிசகியது ஒரே ஒரு எண்ணில்தான். கிறிஸ்மஸுக்கு எத்தனை பேருக்குப் பரிசு வாங்குவது என்ற எண். அதுவும் அவராகச் சொன்னது இல்லை, அவர் கையில் திணித்தது. எனக்கு அந்த வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் அப்போது அடையாறில் அந்தக் கம்பெனியின் முன்வாசல் மேஜையில் உட்கார்ந்திருந்தேன். வருகிறவர்களைப் பார்த்துச் சிரிப்பது, கூரியர் வாங்கி வைப்பது, அட்மின் கேட்பதை டைப் அடித்துக் கொடுப்பது, இவ்வளவுதான் என் வேலை. கைசர் ஜஹான் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். அவருக்குக் கீழே பதினான்கு பேர். யாரும் கம்பெனி ஆட்கள் இல்லை. ஒரு ஏஜென்சி அனுப்பும் ஒப்பந்த ஆட்கள். நீலச் சட்டை போட்டிருப்பவர்களின் பெயர் மாடியில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியாது. "கொஞ்சம் இங்க தொடைங்க" என்பதுதான் அவர்கள் எல்லோருக்கும் பெயர்.

கைசர் ஜஹானுக்கு ஐம்பத்திரண்டு வயது. மீர்சாகிப்பேட்டையில் ஒரே அறை வீடு. கணவர் ஷரீஃப் பாண்டி பஜாரில் செருப்பு விற்றுக்கொண்டிருந்தவர், பக்கவாதம் வந்த பிறகு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். வீட்டில் உருது, வெளியே அசல் மெட்ராஸ் தமிழ். தலையில் போட்ட துப்பட்டா நழுவாமல் ஏணியில் ஏறி ஏசி ஜன்னலைத் தட்டுவார். யாராவது தரையில் காப்பியைக் கொட்டிவிட்டு "சாரி" சொல்லாமல் போனால், அவர் காதில் விழுகிற மாதிரி உருதுவில் ஏதோ சொல்வார். என்னவென்று கேட்டால், துவா செய்தேன் என்பார்.

எல்லோரும் அவரைப் பாயம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் அப்படித்தான். ஒரே ஒருவர் மட்டும் கைசரு என்று கூப்பிடுவார். அவர்தான் செண்பகம்.

இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். முதல் நாள் ஒரே பக்கெட்டில் துணி பிழிந்ததில் ஆரம்பித்த சிநேகம். இரண்டாயிரத்துப் பதினைந்து டிசம்பரில் அடையாறு பொங்கி வந்தபோது, கோட்டூர்புரம் கரையோரம் இருந்த செண்பகத்தின் வீட்டில் கூரைவரை தண்ணீர். கைசர் ஜஹான் இடுப்பளவு தண்ணீரில் நடந்து போய் அவரையும் இரண்டு பிள்ளைகளையும் அழைத்துவந்து, தன் ஒற்றை அறையில் பத்தொன்பது நாள் வைத்துக்கொண்டார். ஷரீஃப் அந்தப் பத்தொன்பது நாளும் பள்ளிவாசல் தாழ்வாரத்தில் போய்ப் படுத்துக்கொண்டார். பிறகு கரையோரக் குடிசைகளை எடுத்தபோது செண்பகத்துக்குப் பெரும்பாக்கத்தில் ஐந்தாம் மாடியில் ஒரு வீடு கொடுத்தார்கள். அங்கிருந்து ஆறரை மணி ஷிஃப்டுக்கு வரவேண்டுமென்றால் விடிவதற்கு முன்பே பஸ் பிடிக்க வேண்டும். ஒரு நாள்கூடத் தாமதமாக வந்ததில்லை.

ஷரீஃபுக்குப் பக்கவாதம் வந்து ராயப்பேட்டை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, வேலை முடிந்து நேராக அங்கே போய்க் காவல் இருந்தது செண்பகம். அந்தச் சமயத்தில்தான் சூப்பர்வைசர் இடம் காலியானது. வேலையில் கெட்டிக்காரி செண்பகம்தான். மூன்றாம் மாடி முழுவதையும் தனி ஆளாகப் பளபளவென்று வைத்திருப்பார். ஏஜென்சிக்காரர் முதலில் அவரைத்தான் கேட்டார். அவர் என்ன சொன்னார் தெரியுமா? கைசருக்கு எழுதப் படிக்கத் தெரியும், புருஷன் வேறு படுத்துக் கிடக்கிறார், அதுக்கே கொடுங்கள் என்று சொல்லிவிட்டு மாப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கைசர் ஜஹான் சூப்பர்வைசர் ஆனது இப்படித்தான். இந்த விஷயத்தை அவரே எனக்கு நாலு தடவை சொல்லியிருக்கிறார். ஐந்தாவது தடவை சொன்னபோது நிலைமை வேறு.

போன டிசம்பர் முதல் வாரம். அட்மின் மேனேஜர் பிரணவ், கைசர் ஜஹானை என் மேஜைக்குக் கூப்பிட்டார். பிரணவுக்கு முப்பத்தொரு வயது. சத்தம் போட்டுப் பேசிப் பார்த்ததில்லை. எல்லோரையும் அக்கா, அண்ணா என்றுதான் கூப்பிடுவார். அப்படிக் கூப்பிடுவதை நான் அதுவரை நல்ல பழக்கம் என்று நினைத்திருந்தேன்.

கம்பெனியில் ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் ஹவுஸ்கீப்பிங் ஆட்களுக்கு ஏதாவது கொடுப்பார்கள். வெளிநாட்டு முதலாளிகளுக்கு அது ஒரு சந்தோஷம், போட்டோ எடுத்து அனுப்பச் சொல்வார்கள். முந்தின வருடம் பதினான்கு பேருக்கும் ஹாட் பாக்ஸ். இந்த வருடம் பரிசு பெரிது, இண்டக்‌ஷன் ஸ்டவ், ஆனால் பத்துப் பேருக்குத்தான் என்றார் பிரணவ். யார் அந்தப் பத்துப் பேர் என்பதைக் கைசர் ஜஹானே முடிவு செய்து பெயர் எழுதிக் கொடுக்க வேண்டும். "உங்களைவிட அவங்களை யாருக்குத் தெரியும் அக்கா?" என்று சொல்லிச் சிரித்தார். சூப்பர்வைசருக்குத் தனியாக உண்டு, அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்றும் சொன்னார்.

கைசர் ஜஹான் உடனே தலையாட்டவில்லை. ஸ்டவ் வேண்டாம், அந்தப் பணத்தில் பதினான்கு பேருக்கும் சின்னதாக ஏதாவது கொடுங்கள், ஒரு வரிசையில் பத்துப் பேருக்குப் பரிமாறிவிட்டு நாலு பேரை வேடிக்கை பார்க்க விடக்கூடாது என்று சொல்லிப் பார்த்தார். பிரணவ் மிகவும் வருத்தப்படுகிறவர் போல முகத்தை வைத்துக்கொண்டு, மேலே பத்து என்று முடிவு செய்துவிட்டார்கள், தன் கையில் எதுவும் இல்லை என்றார். இரண்டு நாளில் பட்டியல் வேண்டும்.

அந்த இரண்டு நாளும் கைசர் ஜஹான் சரியாகச் சாப்பிடவில்லை. பேன்ட்ரியின் மூலையில் உட்கார்ந்து, டிஷ்யூ பேப்பர் வந்த அட்டைப்பெட்டியின் ஒரு பக்கத்தைக் கிழித்து, அதில் பதினான்கு பெயரையும் தமிழில் எழுதிவைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார். நான் டீ எடுக்கப் போனபோது, பக்கத்தில் உட்காரச் சொன்னார். பேனாவை எடுத்து முதலில் ஒரு பெயரை அடித்தார். பார்த்தால் செண்பகம்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என்ன பாயம்மா, அவங்களையா என்று கேட்டேன்.

"நம்ம வூட்டுக் கல்யாணத்துல நாமளே மொதப் பந்தியில குந்துவோமா, பாப்பா? அவ என் ஆளு. அவளுக்குக் குடுத்துட்டு இன்னொருத்திக்கு இல்லேன்னா, பாயம்மா தன் ஆளுக்கு எடுத்துக் குடுத்துச்சுன்னு பதிமூணு வாயும் பேசும். நம்மாளு கடைசிப் பந்திதான்" என்றார்.

எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. எங்கள் மேற்கு மாம்பலம் வீட்டிலும் அப்படித்தான். வந்தவர்களுக்கு வடை போட்டது போக மிச்சமிருந்தால்தான் எங்களுக்கு. நம்மவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்ற தைரியத்தில்தானே நாம் எல்லோருமே நம்மவர்களைக் கடைசியில் நிறுத்துகிறோம்?

மீதி மூன்று பெயரை அடிக்க அவருக்கு ஒரு நாள் பிடித்தது. யாருக்கு ஸ்டவ் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று யோசித்தார். தமிழ்நிலாவுக்குப் போன ஆவணியில்தான் கல்யாணம், சீரில் புது ஸ்டவ்வே வந்திருக்கிறது. அறிவு தரமணியில் நாலு பேரோடு அறை எடுத்துத் தங்கியிருக்கிறான், மூன்று வேளையும் மெஸ் சாப்பாடு. ஜானுவின் கணவர் சமையல்காரர், வீட்டில் அடுப்புக்குப் பஞ்சமில்லை. இந்த மூவரையும் அடித்தார். அம்மாசி அண்ணனுக்கு ஐம்பத்தெட்டு வயது, முட்டி மடங்காது, தனியாகப் பொங்கித் தின்கிறவர், அவருக்கு வேண்டும். சலோமி ஒருத்திதான் அங்கே கிறிஸ்தவர், அவள் பண்டிகைக்கு அவளுக்கே இல்லையென்றால் நன்றாக இருக்குமா? உம்மே ஹானி மூன்று பிள்ளைகளோடு அண்ணன் வீட்டுத் தயவில் இருப்பவர். இப்படியே பத்துப் பேர் தேறினார்கள். திரும்பப் பார்த்தபோது எனக்கே ஒன்று புரிந்தது. அடிபட்ட நாலு பேரும் வேலையில் புலிகள். இருக்கிற பத்துப் பேர், யாராவது தாங்கிப் பிடிக்க வேண்டியவர்கள்.

அட்டையை என்னிடம் கொடுத்தார். நான் டைப் அடித்துப் பிரணவுக்கு அனுப்பினேன். மேலே 'கிறிஸ்மஸ் பரிசு, பத்துப் பேர்' என்று தலைப்புப் போட்டதும் நான்தான்.

அன்றைக்கே கைசர் ஜஹான் செண்பகத்திடம் விஷயத்தைச் சொல்லிவிட்டார். ஒளிக்கிற பழக்கம் அவர்களுக்குள் இல்லை. செண்பகம் விழுந்து விழுந்து சிரித்தார். பெரும்பாக்கத்தில் அந்த பிளாக்கில் மிக்ஸி போட்டாலே ஃபியூஸ் போகிறது, இதில் ஸ்டவ்வை வைத்து என்ன செய்வது, தலையணையாகத்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்றார். கடைசிப் பந்தி என்றதும், அப்ப பாயசம் எனக்கு ரெண்டு டம்ளர் வேணும் கைசரு என்றார்.

அவர் சிரித்துவிட்டாலும் கைசர் ஜஹானுக்கு மனசு ஆறவில்லை. நாலு பேர் வெறுங்கையோடு நிற்கக்கூடாது, அந்த நாலு பேருக்கும் தானே வாங்குவது என்று முடிவு செய்தார். மூக்குக் கண்ணாடி மாற்றச் சேர்த்து வைத்திருந்த பணத்தை எடுத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை என்னையும் துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டு தி.நகர் போனார். ரங்கநாதன் தெருவில் பொங்கல் கூட்டம் அப்போதே ஆரம்பித்துவிட்டது. நாம் நடக்க வேண்டியதில்லை, கூட்டமே கொண்டுபோய் விடும். தமிழ்நிலாவுக்கும் ஜானுவுக்கும் பெட்ஷீட், அறிவுக்கு ஒரு சட்டை. அதெல்லாம் அரை மணியில் முடிந்துவிட்டது. செண்பகத்துக்குத்தான் இரண்டு மணி நேரம். மார்கழிப் பனியில் விடியற்காலை பஸ்ஸுக்கு நிற்கிறவள் என்று ஸ்வெட்டர் தேடினார். ஒன்று மெல்லிசு, ஒன்று கிழவி போடுகிற நிறம். ஒன்றில் பாக்கெட் இல்லை, பஸ் பாஸும் போனும் எங்கே வைப்பாள்? கடைசியில் அரக்கு நிறத்தில், இரண்டு பக்கமும் ஆழமான பாக்கெட் வைத்து ஒன்று கிடைத்தது. கடைக்காரரை அதன் கையை இழுத்துக் காட்டச் சொல்லி, தையல் பிரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வாங்கினார். மாம்பலம் ஸ்டேஷன் படியில் அந்தப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஏறியது இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

இருபத்து மூன்றாம் தேதி விழா. கம்பெனிக்காரர்கள் சிவப்புத் தொப்பி போட்டுக்கொண்டு, பரிசு வாங்குகிறவர்களுக்கும் ஒன்று போட்டுவிட்டார்கள். பத்துப் பேரும் வரிசையாக வந்து ஸ்டவ் வாங்கிக்கொண்டார்கள். அம்மாசி அண்ணன் தொப்பியைக் கழற்றாமலே போட்டோவுக்கு நின்றார். அது முடிந்ததும் கைசர் ஜஹான் மற்ற நாலு பேரையும் பேன்ட்ரிக்குள் கூப்பிட்டுத் தன் பொட்டலங்களைக் கொடுத்தார். செண்பகம் அங்கேயே பிரித்து நீலச் சட்டைக்கு மேலே ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டார். இரண்டு பாக்கெட்டிலும் கையை விட்டுக்கொண்டு, மேனேஜர் மாதிரி நடந்து காட்டினார். ஷோக்கா கீது கைசரு என்றார். அன்று ஷிஃப்ட் முடியும்வரை அதைக் கழற்றவில்லை.

நாலு நாள் கழித்து ஏஜென்சிக்காரர் வந்தார். பதினான்கு பேரையும் கீழே வண்டி நிறுத்தும் இடத்தில் நிற்கவைத்தார். கைசர் ஜஹானும் நின்றார். நான் கூரியர் வாங்குகிற சாக்கில் படியில் நின்றேன். ஜனவரியிலிருந்து இரண்டாம் மாடியைக் கம்பெனி காலி செய்கிறது, பாதிப் பேர் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார்கள், இனிமேல் பத்து ஆள் போதும், மீதி நாலு பேருக்கு முப்பத்தொன்றோடு சரி என்றார். பிறகு பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். தூரத்திலிருந்தே தெரிந்தது, நான் டைப் அடித்த தாள். தலைப்பை மட்டும் வெட்டியிருந்தார்கள்.

"இது நானா போட்ட லிஸ்ட் இல்ல. உங்க சூப்பர்வைசரே தேர்ந்தெடுத்துக் குடுத்த பத்து பேரு" என்று சொல்லிவிட்டுப் பெயர்களைப் படித்தார்.

பதிமூன்று தலைகள் ஒரே சமயத்தில் கைசர் ஜஹான் பக்கம் திரும்பின. செண்பகம் அவரைப் பார்க்கவில்லை. தாளைப் படித்துக்கொண்டிருந்த ஆளின் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கைசர் ஜஹான் லிஃப்டுக்குக்கூட நிற்காமல் மூன்று மாடி ஏறி, நேராகப் பிரணவின் அறைக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். கதவு கண்ணாடிக் கதவு, சாத்தவும் இல்லை. பரிசு என்றுதானே கேட்டீர்கள் என்றார் கைசர் ஜஹான். பிரணவ் எழுந்து நின்று, தண்ணீர் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தினார்.

"ஆமா அக்கா, பரிசு குடுத்தோமே. போகப்போறவங்களுக்கு எதுக்கு கிஃப்ட்னு மேல கேட்டாங்க. அதான் பத்து. முன்னாடியே சொல்லியிருந்தா உங்களுக்குத்தான் கஷ்டமா இருந்திருக்கும். நல்ல ஆளா பாத்துக் குடுப்பீங்கன்னு நாங்க உங்களை நம்பினோம் அக்கா" என்றார்.

வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவது என்பார்களே, அதை அன்றுதான் நேரில் பார்த்தேன். நம்பவைத்துக் கழுத்தை அறுத்தவன், நாங்கள் உன்னை நம்பினோம் என்கிறான். அந்தத் தண்ணீர் பாட்டிலை எடுத்து அவன் மேலேயே ஊற்றியிருக்க வேண்டும். கைசர் ஜஹான் ஊற்றவில்லை. நானும்தான் ஊற்றவில்லை. மாதச் சம்பளக்காரர்களின் கோபம் தொண்டைக்கு மேலே வருவதில்லை.

கைசர் ஜஹான் கெஞ்சினார். தன்னை எடுத்துவிட்டுச் செண்பகத்தைச் சூப்பர்வைசராகப் போடச் சொன்னார். அந்த இடமே அவள் கொடுத்ததுதான் என்று ஐந்தாவது தடவையாக அந்தக் கதையைச் சொன்னார். பிரணவ் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இப்போது எல்லாம் போனில் பதிவு செய்ய வேண்டும், அந்த அம்மாவுக்குப் படிக்கத் தெரியாதே என்றார். அதோடு விட்டாலும் பரவாயில்லை. பெரிய மனசு செய்கிறவர் போல இன்னொன்றும் சொன்னார். ஒரு பெயரை வேண்டுமானால் மாற்றிக்கொள்ளலாம், சாயங்காலம் ஐந்தரைக்குள் சொன்னால் போதும், செண்பகத்துக்குப் பதில் யாரை வெளியே அனுப்புவது என்பதையும் அக்காவே சொல்லிவிடலாம்.

முதல் முறை கைசர் ஜஹானை ஏமாற்றித்தான் அந்தப் பெயரை அடிக்கவைத்தார்கள். இரண்டாம் முறை எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் பேனாவைக் கையில் கொடுத்தார்கள். எது பெரிய பாவம் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

மதியம் முழுவதும் அவர் என் மேஜையருகே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். என்னிடம் இன்னொரு தாள் கேட்டு வாங்கிப் பத்துப் பெயரையும் விரலால் தொட்டுக்கொண்டே வந்தார். அம்மாசி அண்ணனை இனி எவன் வேலைக்கு வைப்பான்? சலோமியை எடுத்தால் பண்டிகை முடிந்த கையோடு வேலை போனவள் என்று ஆகும். உம்மே ஹானியை எடுத்தால் அண்ணி வாசலிலேயே நிறுத்திவிடுவாள். விரல் கீழேவரை போய்விட்டுத் திரும்ப மேலே வரும். செண்பகம் எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வாள் என்று ஒரு தடவை தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சொன்னதும் வாயைப் பொத்திக்கொண்டார். அதைச் சொல்லத் தனக்கு என்ன உரிமை என்று என்னைக் கேட்டார். ஐந்தரை ஆனது. தாளை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, மாலை ஷிஃப்ட்காரர்களுக்குச் சாவி கொடுக்கப் போய்விட்டார். எந்தப் பெயரும் சொல்லவில்லை. சொல்லாததும் ஒரு முடிவுதான் என்பது அவருக்கும் தெரியும்.

அடுத்த நாளிலிருந்து பேன்ட்ரியில் பேச்சு. ஜானு அவர் காதுபடவே சொன்னார், கூட இருந்தே குழி பறித்துவிட்டு, குழிக்கு மேலே பெட்ஷீட் போர்த்திவிட்டது பாயம்மா என்று. பாயம்மாவுக்கு முன்னாடியே தெரியும், அதனால்தான் வெளியே போகிற நாலு பேருக்கு மட்டும் சொந்தக் காசில் வாங்கிக் கொடுத்தது, இல்லாவிட்டால் சரியாக அந்த நாலு பேருக்கு மட்டும் எதற்கு என்று பேசிக்கொண்டார்கள். கேட்டால் யாருக்கும் அப்படித்தானே தோன்றும்? எல்லாம் பொருந்தி வருகிறதே. பாயம்மாவுக்கு எதுவுமே தெரியாது என்று நான் நாலு பேரிடமும் தனித்தனியாகச் சொன்னேன். நீதானேம்மா டைப் அடிச்சே என்று கேட்டாள் தமிழ்நிலா.

செண்பகம் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. வழக்கம்போல ஆறரைக்கு வந்தார். மூன்றாம் மாடியைத் துடைத்தார். பனி நன்றாக இறங்கிய நாட்கள் அவை. புடவைத் தலைப்பைக் காதைச் சுற்றிக் கட்டிக்கொண்டு வந்தாரே தவிர, ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வரவில்லை. அதைத் திருப்பிக் கொடுத்திருந்தாலாவது இரண்டு பேரும் ஒரு சண்டை போட்டுத் தீர்த்திருக்கலாம். கைசர் ஜஹான் பேசப் போனபோதெல்லாம் அவருக்கு எங்கேயோ ஒரு கழிவறை துடைக்காமல் பாக்கியிருந்தது.

முப்பத்தொன்றாம் தேதி மூன்று மணிக்கு ஷிஃப்ட் முடிந்தது. நாலு பேரும் சீருடையைத் திருப்பிக் கொடுத்தார்கள். மூன்று பேர் போய்விட்டார்கள். செண்பகம் தன் நீலச் சட்டையை மடிப்புக் கலையாமல் என் மேஜைமேல் வைத்தார், துவைத்து இஸ்திரி போட்டிருந்தது. கைசர் ஜஹான் கதவருகே நின்றுகொண்டிருந்தார். வெளியே போகவேண்டுமென்றால் அவரைத் தாண்டித்தான் போகவேண்டும்.

செண்பகம் நின்றார். கோபமாகக் கேட்டிருந்தால் தேவலை. ஆனால் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பது போலத்தான் கேட்டார்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லு. அந்த அட்டையில என் பேர மொதல்ல அடிச்சியா, கடைசியா அடிச்சியா?"

கைசர் ஜஹான் என்னைப் பார்த்தார். கடைசியாக என்று சொல்லியிருக்கலாம். பார்த்த ஒரே ஆள் நான்தான், நான் காட்டிக்கொடுத்திருக்க மாட்டேன். ஆனால் செண்பகத்திடம் பொய் சொல்லிப் பழக்கமில்லாத வாய் அது.

"மொதல்ல" என்றார்.

செண்பகம் தலையாட்டினார். நீ என் ஆளு என்றுதான், அன்றைக்கே சொன்னேனே என்று கைசர் ஜஹான் ஆரம்பித்தார். செண்பகம் முடிக்க விடவில்லை.

"அப்பால ஒரு பேர மாத்திக்கலாம்னு கேட்டாங்களாமே?"

"கேட்டாங்க. யாரை அடிக்கிறது? நீயே சொல்லு செண்பகம். அம்மாசியையா? சலோமியையா? நீ சொல்லு, இப்பவே மேல போயி கால்ல வியறேன்."

செண்பகம் நிறைய நேரம் யோசித்தார். அந்தப் பத்துப் பேரையும் அவரும் ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தார் என்றுதான் எனக்குப் பட்டது. அவர் வாயிலும் ஒரு பெயர் வரவில்லை.

"அது எனக்கெப்படித் தெரியும்? நானா சூப்பர்வைசரு?" என்றார். "கடைசிப் பந்தின்னே. சரி, குந்தினேன். எலை போட்டுட்டு சோறு இல்லேன்னுட்டாங்க. ஒன்ன நம்பித்தானே குந்துனேன்."

கைசர் ஜஹான் கையை நீட்டி அவர் தோளைத் தொடப் போனார். செண்பகம் தட்டிவிடவில்லை, திட்டவில்லை. பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டார். பை வாயில் அரக்கு நிறக் கம்பளி கொஞ்சம் தெரிந்தது.

"வரேன், பாயம்மா" என்று சொல்லிவிட்டு ரோட்டைத் தாண்டி பஸ் ஸ்டாப்புக்குப் போனார்.

கைசர் ஜஹான் அங்கேயே நின்றார். பஸ் வந்தது, போனது. பிறகு என் மேஜைக்கு வந்து அந்த நீலச் சட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எல்லோரும் கூப்பிடுகிற பேர்தான் அது, பதினோரு வருடமாக நாங்கள் எல்லோரும் கூப்பிட்டுக்கொண்டிருந்த பேர்.

"பாயம்மான்னுட்டாளே, பாப்பா" என்றார்.